புதினா குடிக்கும் தண்ணீர்

(வேதியியல் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரின் கருத்து)

ஆம்பூர்ப் பிரியாணியின் பெருமை பேசாத நாவு நம் பக்கத்தில் உண்டா? சீரகச் சம்பாவைப் புகழ்வோம். பக்குவம் அறிந்த சமையற்காரரைப் புகழ்வோம். ஆனால், தம் போட்ட அண்டாவைத் திறந்ததும் ஆவியோடு எழுந்து வந்து நம்மை முதலில் வரவேற்கும் புதினாவை யாரும் புகழ்வதில்லை. அந்த எளிய இலையின் சார்பில் நான்கு வார்த்தை பேசவே இக்கட்டுரை.

வாணியம்பாடியில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில், துவைக்கும் கல்லை ஒட்டி, என் பாட்டி ஒரு புதினாப் பாத்தி வைத்திருந்தார். விதை விதைத்ததில்லை, உரம் இட்டதில்லை. சந்தையில் வாங்கிய கட்டிலிருந்து இலையை ஆய்ந்துகொண்டு, மிஞ்சிய தண்டை ஈர மண்ணில் செருகிவிடுவார். பத்து நாளில் துளிர்த்துவிடும். வயிறு மந்தமென்றால் அந்த இலைதான் மருந்து. இட்லிக்குத் துவையலும் அதுதான்.

புதினா ஈரத்தின் பிள்ளை. ஐரோப்பாவின் ஓடைக்கரைகளிலும் சதுப்பு நிலங்களிலும் தானாகவே வளரும் ஓர் இனத்துக்கு நீர்ப் புதினா என்றே பெயர். தாவரவியலார் அதனை மெந்தா அக்வாட்டிகா என்பர். நம் சமையலறைப் புதினா பெரும்பாலும் மெந்தா ஸ்பைகேட்டா என்னும் இனம். இவ்விரண்டும் கலந்து பிறந்ததே பெப்பர்மின்ட். அதில் முளைக்கும் விதை பிடிப்பதில்லை. என் பாட்டி செய்ததைப் போலவே தண்டை நட்டுத்தான் அதனை உலகெங்கும் பரப்பியிருக்கிறார்கள்.

இனி இலைக்குள் நடக்கும் வேதியியலைப் பார்ப்போம். இலையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. அங்கே செடி முதலில் லிமோனீன் என்ற பொருளை ஆக்குகிறது. அதன் மூலக்கூறில் ஆக்சிஜன் ஓரிடத்தில் சேர்ந்தால், பல படிகளுக்குப் பின் மென்தால் கிடைக்கும்; வேறோர் இடத்தில் சேர்ந்தால் கார்வோன் கிடைக்கும். நம் வீட்டுப் புதினாவின் மணம் கார்வோன் தந்தது. அதே கார்வோனின் கண்ணாடிப் பிம்பம் போன்ற மூலக்கூறுதான் சதகுப்பை விதைக்கு மணம் தருகிறது. வலக்கைக்கும் இடக்கைக்கும் உள்ள வேற்றுமையே அவ்விரு மூலக்கூறுகளுக்கும் உள்ள வேற்றுமை. புத்தகத்தில் படித்தால் தூக்கம் வரும் முப்பரிமாண மாற்றியம், மூக்கில் ஏறினால் மறப்பதே இல்லை!

மென்தால் குளிர்ச்சி என்கிறோம். உண்மையில் அது எதையும் குளிர்விப்பதில்லை. குளிரை உணரும் நரம்பின் வாயிலைத் தட்டி, குளிர்கிறது என்று மூளைக்குப் பொய்ச் செய்தி அனுப்புகிறது. அந்த வாயிலைக் கண்டறிந்தோரில் இருவரான டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும், வெப்பத்தையும் தொடுதலையும் உடல் உணரும் விதத்தை ஆராய்ந்தமைக்காக 2021-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றனர்.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல வேண்டும். இயற்கையெல்லாம் அமுதம், இரசாயனமெல்லாம் நஞ்சு என்ற பேச்சு நம்மிடையே பெருகிவிட்டது. புதினாவுக்குள் இருப்பதும் இரசாயனம்தான். அதே மென்தாலைப் பச்சிளங் குழந்தையின் மூக்கில் தடவினால் மூச்சே தடைப்படலாம். ஒரு பொருள் நல்லதா, கெட்டதா என்பதை அதன் பெயர் தீர்மானிப்பதில்லை. அளவும் இடமுமே தீர்மானிக்கின்றன.

இதை எனக்குக் கற்பித்தது வகுப்பறையன்று, எங்கள் கிணறு. அதன் தண்ணீர் ஆண்டுக்கு ஆண்டு கரித்தது. முதலில் பருப்பு வேகவில்லை. பிறகு சோப்பு நுரைக்கவில்லை. கடைசியில் புதினாவின் இலை நுனி தீய்ந்தாற்போல் கருகியது. ஒரு கோடையில் பாத்தியே பட்டுப்போயிற்று. புதினாவுக்கு வேண்டியது ஈரம், உப்பு அன்று.

தோல் கெடாமலிருக்கச் சாதாரண உப்பைத்தான் கிலோக் கணக்கில் அப்புகிறார்கள். ஆலையில் அதனைக் கழுவும்போது உப்பின் பெரும்பகுதி நீரில் இறங்குகிறது. முன்னாளில் ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும் பதனிட்ட தொழில், பின்னர் குரோமியத்துக்கு மாறியது. அந்தக் கழிவுநீர் பல்லாண்டுகள் பாலாற்றிலும் நிலத்திலும் கலந்தது. தோல் ஆலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்ற ஆய்வுக் கணக்கு, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கின் உச்சநீதிமன்றத் தீர்ப்பில் இடம்பெற்றுள்ளது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை நம் நாட்டுச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. நாள் 1996 ஆகஸ்ட் 28. அதன்பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்கின. நீரை வடித்து மீண்டும் பயன்படுத்தும் முறையும் வந்தது. ஆயினும் 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடியும் ஆணையிட வேண்டியிருந்தது.

ஆலைகளை மூடிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் என் வீட்டு அடுப்பே என்னைக் கேள்வி கேட்கும். என் தந்தை தோல் ஆலையில் உழைத்துத்தான் எனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறார். பாத்தியை அழித்த தொழிலே பையனைப் படிக்க வைக்கிறது. இந்த முரணோடுதான் எங்கள் ஊரில் ஒவ்வொரு வீடும் வாழ்கிறது.

ஆலைக்காரரை நோக்கி விரல் நீட்டுமுன் நம் ஆய்வுக்கூடத்தை ஒரு முறை பார்ப்போம். நீரிலுள்ள குளோரைடை அளக்க மோர் முறையைக் கையாள்கிறோம். அதற்கு நிறங்காட்டியாக விடுவது பொட்டாசியம் குரோமேட். இரும்பை மதிப்பிடுவது பொட்டாசியம் டைகுரோமேட் கொண்டு. இரண்டிலும் இருப்பது ஆறிணைதிறன் குரோமியம். தோல் பதனிடப் பயன்படும் மூவிணைதிறன் குரோமியத்தைவிடக் கொடியது. சோதனை முடிந்ததும் கூம்புக் குடுவையை எங்கே கவிழ்க்கிறோம்? கைகழுவும் தொட்டியில்! பாட்டியின் பாத்திக்காக வருந்திய நானும் அப்படித்தான் கவிழ்த்தேன். அளவு சிறிதுதான். ஆனால், சிறிதுதானே என்ற சொல்தானே பாலாற்றையும் கெடுத்தது?

ஆகவே பேராசிரியப் பெருமக்களுக்கு என் பணிவான வேண்டுகோள் இரண்டு. ஒன்று: குரோமியக் கழிவுக்குத் தனிச் சாடி வைப்போம். அமிலத்தில் இரும்பு சல்ஃபேட்டைச் சேர்த்து அதன் கொடுமையைத் தணித்து, சுண்ணாம்பிட்டு வீழ்படிவாக்கிப் பத்திரப்படுத்துவது நமக்குத் தெரிந்த வேதியியலே. மற்றொன்று: அளப்பதற்குக் காய்ச்சி வடித்த நீரில் உப்பைக் கரைத்துத் தருவதற்கு மாறாக, மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊர்க் கிணற்று நீரைக் கொண்டுவரட்டும். அளந்ததை ஆண்டுதோறும் ஒரே பதிவேட்டில் எழுதுவோம். பத்தாண்டில் அந்தப் பதிவேடு நம் வட்டாரத்துக்கே ஒரு சாட்சியாகும்.

பாட்டி தோற்கவில்லை. இப்போது வாசலில் ஒரு பழைய தகரத்தில் மண் நிரப்பி, குழாய்த் தண்ணீரை அளந்து ஊற்றிப் புதினா வளர்க்கிறார். கிணற்றடியில் மறுபடி ஒரு தண்டைச் செருகி, அது துளிர்ப்பதை அவர் காண வேண்டும். அதற்கு நம் பங்காக இன்றைக்கே ஆய்வுக்கூடத்தில் ஒரு சாடி வைப்போம், தோழர்களே!