கலனுக்குள் விடப்பட வேண்டிய இடம்

சமையல் எரிவாயு உருளை வீட்டுக்கு வந்து இறங்கும்போது அதை ‘முழு உருளை’ என்றே சொல்கிறோம். உண்மையில் அது முழுமையாக நிரப்பப்படுவதில்லை. 14.2 கிலோ எரிவாயு அடைத்த உருளையின் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு திரவமின்றி இருக்கும். எடையைக் குறைக்கும் மோசடி அல்ல இது (அந்த மோசடிக்கு வேறு வழிகள் உண்டு). வெப்பம் ஏறினால் திரவம் விரியும். விரிய இடமில்லையென்றால் எஃகே பிளக்கும். ஆகவே மேலே விடப்படும் அந்த இடம் உயிர்காக்கும் பகுதி. ஆனால் முதலாளியின் கணக்கேட்டில் அதற்கு வேறு பெயர்: பயன்படாத கொள்ளளவு.

இந்த இரண்டு கணக்குகளும் மோதிக்கொண்டால் என்ன நேரும் என்பதை 1984 டிசம்பர் 2-3 நள்ளிரவில் போபால் கண்டது. யூனியன் கார்பைடு ஆலையில் மீத்தைல் ஐசோசயனேட்டைச் சேமிக்க 610, 611, 619 என்ற எண்களில் மூன்று கலன்கள் மண்ணுக்கடியில் இருந்தன. ஒவ்வொன்றும் 68,000 லிட்டர் கொள்ளளவு. எந்தக் கலனையும் பாதிக்கு மேல், அதாவது சுமார் 30 டன்னுக்கு மேல், நிரப்பக் கூடாது என்பது தாய்நிறுவனமே வகுத்த விதி. அவசரத்தில் மாற்றி நிரப்புவதற்காக 619ஆம் கலன் வெறுமையாக இருந்திருக்க வேண்டும். அன்றிரவு 610இல் இருந்தது 42 டன். 619உம் வெறுமையாக இல்லை.

திரவத்துக்கு மேலுள்ள இடத்தில் நைட்ரஜன் வாயு அழுத்தத்துடன் நிரப்பப்பட்டிருக்கும். ஈரமோ அந்நியப் பொருளோ உள்ளே நுழையாமல் தடுப்பதும், தேவைப்படும்போது திரவத்தை வெளியே தள்ளுவதும் அந்த அழுத்தமே. அக்டோபர் பிற்பகுதியிலேயே 610இல் இந்த அழுத்தம் நிற்கவில்லை. 42 டன்னையும் வெளியே எடுக்க வழியில்லாமல் போயிற்று. 39 டிகிரியில் கொதிக்கும் திரவம் அது. அதைக் குளிர்விக்க வேண்டிய இயந்திரமோ மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்தின் குழாய் பழுதுபார்ப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. அந்தப் பிரிவின் ஆட்கள் ஒரு ஷிஃப்டுக்குப் பன்னிருவரிலிருந்து அறுவராகக் குறைக்கப்பட்டிருந்தனர். தண்ணீர் புகுந்ததும் மீதி வேலையை வேதியியல் பார்த்துக்கொண்டது.

தண்ணீர் எப்படிப் புகுந்தது? அதிருப்தியுற்ற தொழிலாளி ஒருவர் செய்த நாசவேலை என்று நிறுவனம் இன்றளவும் கதை சொல்கிறது. ஒரு பேச்சுக்கு அதை ஒப்புக்கொண்டாலும், 30 டன் இருக்க வேண்டிய இடத்தில் 42 டன்னை வைத்தது யார் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. விதிப்படி இடம் விட்டிருந்தால் விபத்தே நடந்திருக்காது என்று நாம் வாதிடவில்லை. வினையாற்றும் பொருள் குறைந்திருக்கும். பொங்குவதற்கு இடம் இருந்திருக்கும். மக்கள் தப்பியோடச் சற்று நேரமேனும் கிடைத்திருக்கலாம். உறங்கிக்கொண்டிருந்த குடிசைப் பகுதிகளுக்கு அந்த நேரம்கூட மறுக்கப்பட்டது.

இன்னும் ஆழமான கேள்வி, இவ்வளவு பெருங்கலன்கள் எதற்கு என்பது. சிறு கலன்களில் கொஞ்சமாகச் சேமித்தாலே போதும் என்பது இந்தியத் துணைநிறுவனத்தின் நிலைப்பாடாக இருந்தது, தாய்நிறுவனம்தான் அதை ஏற்கவில்லை என்று முன்னாள் நிர்வாக இயக்குநர் எட்வர்ட் முனோஸ் உறுதிமொழிப் பத்திரமே அளித்தார். 1981இல் பாஸ்ஜீன் வாயு தாக்கி ஒரு தொழிலாளி உயிரிழந்த பின் தொழிற்சங்கம் எச்சரித்தது. பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி 1982 முதல் எழுதிவந்தார். யாரும் செவிசாய்க்கவில்லை.

2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் எல்ஜி பாலிமர்ஸ் ஆலையில் நிகழ்ந்தது இதன் மறுபக்கம். ஊரடங்கில் வாரக்கணக்கில் தேங்கிக் கிடந்த ஸ்டைரீன் கலனின் மேலடுக்கில் சூடேறியது. வெப்பமானி இருந்ததோ கலனின் அடிப்பகுதியில்! மேலே என்ன நடக்கிறது என்று காட்ட எதுவும் இல்லை. குளிரூட்டி இரவில் இயங்கவில்லை. அபாயச் சங்கும் ஒலிக்கவில்லை. கலனின் மேற்பகுதியைக் கண்காணிக்கும் செலவை மிச்சப்படுத்தியதற்கு விலையாகப் பன்னிரண்டு உயிர்கள் பறிபோயின.

போபாலுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான ஆலைகளில் தொழிலாளர்களும் சம அளவில் இடம்பெறும் பாதுகாப்புக் குழுக்கள், அபாயம் பற்றித் தகவலறியும் உரிமை ஆகியவை அப்போது கிடைத்தவை. பிணங்களின் மீது பெறப்பட்ட உரிமைகள். அந்தச் சட்டத்தைத்தான் ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் கரைத்திருக்கிறது. மின்சக்தி பயன்படுத்தும் ஆலை ‘தொழிற்சாலை’ என்ற வரையறைக்குள் வர இனி 10 பேர் போதாது, 20 பேர் வேண்டும். ஆய்வாளரின் பெயரோ ‘ஆய்வாளர் மற்றும் வசதியளிப்பாளர்’ ஆகிவிட்டது. யாருக்கு வசதி என்று தோழர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ரசாயனம், எரிவாயு, உரத் துறைகளில் இயங்கும் நம் தொழிற்சங்கங்கள் அடுத்த பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் ஒரே ஒரு ஆவணத்தையேனும் கேட்டுப் பெற வேண்டும்: ஒவ்வொரு கலனிலும் அனுமதிக்கப்பட்ட மட்டம் எவ்வளவு, கடந்த ஆறு மாதங்களில் ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருந்த மட்டம் எவ்வளவு என்பதைக் காட்டும் பதிவேடு. ஒப்பந்தத் தொழிலாளர்களும் அதைப் பார்க்க முடிய வேண்டும். பெரும்பாலான ஆலைகளில் வால்வைத் திருகும் கைகள் அவர்களுடையவை.