எளிய நாவல் எங்கே?

மாத்தளை மாவட்டத்துத் தோட்ட இளைஞர் படிப்பதில்லை என்று குறைகூறுவோர் பலர். அவர் கையில் நாம் கொடுத்த நூல் யாது என்று கேட்போர் எத்தனை பேர்?

பாடநூல் கொடுத்தோம், பரீட்சை வழிகாட்டி கொடுத்தோம். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே படிப்பை விட்டுக் கொழும்புக் கடைக்குப் போகும் சிறுவனுக்கும், தாய் அரபுநாட்டில் உழைக்கத் தம்பி தங்கையரைத் தாங்கும் சிறுமிக்கும் அவை சொல்வது என்ன? தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970-களில்தான். ஏடே நுழையாத லயங்களில் வாசிப்பு எங்ஙனம் வளரும்?

நாவல்கள் இல்லாமலில்லை. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964-இலும், தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ 1974-இலும் மலையக வாழ்வை ஏட்டில் ஏற்றின. சோமு, கார்த்திகேசு, மலரன்பன், வடிவேலன் என ஊர்ப்பெயரையே தம் பெயரோடு தாங்கிய எழுத்தாளர் அணியும் மாத்தளைக்கு உண்டு. ஆயினும், அந்நூல்கள் வாசிப்பிற் பழகியவர்க்கு உரியவை. தடித்த நூலைக் கண்டதும் மலைக்கும் பதினைந்து வயதினர்க்கு முதற்படி எங்கே?

அப்படியைப் பிறர் அமைத்துள்ளனர். எடின்பரோவில் 1998-இல் தோன்றிய பாரிங்டன் ஸ்டோக் பதிப்பகம், தேர்ந்த எழுத்தாளரைக் கொண்டே வாசிக்கத் தயங்கும் பிள்ளைகட்குச் சிறு நாவல்கள் எழுதுவித்தது. கண்ணைக் கூசாத தாள், தெளிவான எழுத்து, குறுகிய அத்தியாயம். மொழி எளிது, பொருளோ எளிதன்று. அதுவே அதன் வெற்றி.

நமக்கும் அதுவே வேண்டும். நூறு பக்கத்துக்குள் ஒரு கதை, நான்கைந்து பாத்திரங்கள், உரையாடலில் தோட்டத்துப் பேச்சு. தந்தையின் குடி, தீராக் கடன், லயத்து நெருக்கடி, இடைநின்ற படிப்பு ஆகியன மறைப்பின்றிப் பேசப்படல் வேண்டும். இறுதியில் உபதேசம் வேண்டா. இளையோர் அதனை மோப்பம் பிடித்து ஏட்டை மூடிவிடுவர்.

எளிமையால் இலக்கியம் தாழும் என்பாரும் உளர். 1912-இல் ‘பாஞ்சாலி சபத’ முகவுரையில் பாரதி வேண்டியதும் எளிமையே. அவன் கவிதை தாழ்ந்ததா?

எழுத்தாளர் எழுதுக, பிரதேச சபை நூலகங்கள் வாங்குக, ஆசிரியர் முதல் அத்தியாயத்தை வகுப்பில் உரக்கப் படித்து, அடுத்ததைப் பிள்ளைகள் கையில் ஒப்படைக்க. பஞ்சமும் போரும் வாட்டிய காலத்தில் வாய்மொழியாய் வந்த பௌத்த மறையை ஓலையில் எழுதிக் காத்தது மாத்தளையை அடுத்த அலுவிகாரை என்பது மரபு. துன்ப காலத்தில் ஏட்டின் அருமையை உணர்ந்த மண் இது. தன் பிள்ளைகளின் துன்பத்தை எழுதவா இம்மண்ணில் ஏடு இல்லை?