தோற்ற அரசரும் நம் வகுப்பறையும்

அண்மையில் ஐந்தாம் வகுப்பு மாணவர்களுடன் டோபி காட் பெருவிரைவு ரயில் நிலையத்தில் இறங்கினேன். "ஆசிரியரே, இது எந்த மொழிப் பெயர்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். இந்துஸ்தானி என்றேன்; சலவைத் தொழிலாளரின் படித்துறை என்று பொருள். இந்தியாவிலிருந்து வந்த அத்தொழிலாளர்கள் இங்கு ஓடிய ஓடையில் துணி வெளுத்தனர் என்றும் சொன்னேன். "அப்படியானால் இது நம்முடையது இல்லையா?" என்றாள். அக்கேள்வி என்னை விடவில்லை.

நிலையத்தின் அருகிலேயே கேத்தே கட்டடத்தின் பழைய முகப்பு நிற்கிறது. 1943 அக்டோபர் 21 அன்று நேதாஜி சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்த இடம் அது. அதற்கு முந்திய மாதம் அவர் ரங்கூனில் ஒரு கவிஞரின் அடக்கத்தலத்தில் அஞ்சலி செலுத்தியிருந்தார். அக்கவிஞரே கடைசி முகலாயப் பேரரசர் பகதூர் ஷா ஜஃபர்.

1775இல் பிறந்தவர். உருதுவிலும் பாரசீகத்திலும் தேர்ந்தவர். சூஃபி நெறியில் ஊன்றியவர். அவர் அவையில் காலிப் இருந்தார். 'ஜஃபர்' என்னும் புனைபெயருக்கு வெற்றி என்று பொருள். வாழ்வோ நேர்மாறானது. 1857 எழுச்சி வீழ்ந்தது. மைந்தர் இருவரும் பேரன் ஒருவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆங்கிலேயர் அவரை விசாரித்து ரங்கூனுக்கு நாடு கடத்தினர். 1862 நவம்பர் 7 அன்று அங்கேயே மறைந்தார். அடையாளமின்றி மூடப்பட்ட கல்லறை 1991இல்தான் கண்டறியப்பட்டது.

அவர் பெயரில் வழங்கும் சில புகழ்பெற்ற கஜல்கள் அவருடையனவா என்பதில் அறிஞர்க்கு ஐயமுண்டு. ஆயினும் செல்வமும் அதிகாரமும் நில்லா, இறைவன்மீது கொண்ட அன்பே நிலைக்கும் என்னும் சிந்தனை அவர் கவிதைகளில் ஊடுருவி நிற்கிறது. குறளில் 'நிலையாமை' அதிகாரம் கற்ற தமிழருக்கு இது அயல் சிந்தனை அன்று. நேதாஜியின் படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர் பலர். அவர்கள் தலைவர் வணங்கிய கவிஞரை அவர்களின் பேரப்பிள்ளைகள் அறியாதிருப்பது முறையா?

தமிழ்ப் பாடநேரம் குறைவு. அதில் உருதுக் கவிஞர் எதற்கு என்று சக ஆசிரியர்கள் கேட்பர். நியாயமான கேள்விதான். நான் உருது கற்பிக்கச் சொல்லவில்லை. ஜஃபரின் வாழ்வை எளிய தமிழில் ஒரு பக்க வாசிப்புப் பகுதியாகத் தரலாம் என்கிறேன். பிறமொழிக் கவிஞரின் துயரைத் தமிழில் படித்து, தமிழிலேயே பேசும் பிள்ளைக்குத் தன் மொழி வீட்டுக்குள் மட்டும் புழங்குவதன்று என்பது விளங்கும்.

அப்பக்கத்தை எழுதத் தொடங்கிவிட்டேன். முதலில் அந்தச் சிறுமியிடம்தான் படிக்கக் கொடுக்கப்போகிறேன்.