வாப்பாவின் பழைய காரைத் திருத்துவதா, விற்பதா?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரி 1ஆம் திகதி முதல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. விலை இறங்கும், வீட்டிலுள்ள பழைய காரைக் கொடுத்துவிட்டு நல்லதொன்றை எடுக்கலாம் என்று ஐந்து வருடங்கள் காத்திருந்த நடுத்தரக் குடும்பங்கள் பல, புதிய விலைகளைக் கேட்டுவிட்டுத் திரும்பவும் கராஜுக்கே போயின.

காரணம் எளிது. 2022 ஆரம்பத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், சில மாதங்களில் 360 ரூபாவைத் தாண்டியது. பின்னர் ஓரளவு இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. அதன்மேல் சுங்கத் தீர்வை, அதற்கொரு மேலதிக வரி, எஞ்சின் கொள்ளளவுக்கு ஏற்ப உற்பத்தி வரி, எல்லாவற்றையும் கூட்டிய தொகைக்கு 18 சதவீத வற் வரி. வரிக்கும் வரி கட்டுகிறோம். கடன் நெருக்கடியிலிருந்து மீளும் அரசுக்கு இந்த வருமானம் தேவை என்பதை விளங்கிக்கொள்ளலாம். ஆனால் அதன் விளைவாக, முப்பது, நாற்பது வருடப் பழைய கார்கள் இன்னும் நீண்ட காலம் எமது பாதைகளில் ஓடப் போகின்றன. எனவே திருத்துவதா மாற்றுவதா என்ற கேள்வி பல வீடுகளில் எழுந்திருக்கிறது. எங்கள் வீட்டிலும் எழுந்தது.

எனது வாப்பா வபாத்தானபோது விட்டுச்சென்றவற்றில் ஒன்று, ஸ்ரீ இலக்கத் தகட்டுடன் கூடிய நிசான் சன்னி பி11 கார். எண்பதுகளில் வந்தது. எங்களைப் பாடசாலைக்கும், உம்மாவை ஆஸ்பத்திரிக்கும், தங்கைமாரைக் கலியாண மண்டபத்துக்கும் கொண்டுபோன வாகனம். அதை விற்பதென்ற பேச்சு வந்தாலே உம்மா எழுந்து உள்ளே போய்விடுவார்.

இங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வியைப் பல குடும்பங்கள் கேட்பதில்லை: இந்தக் கார் யாருடையது? வாப்பாவின் கார், சாவியை வைத்திருக்கும் மூத்த மகனின் கார் ஆகிவிடாது. கடனும் வஸிய்யத்தும் போக எஞ்சியது வாரிசுகளின் சொத்து. உம்மாவுக்கு எட்டில் ஒரு பங்கு, மகன்மாருக்கு இரண்டென்றால் மகள்மாருக்கு ஒன்று. வீட்டையும் காணியையும் பங்கு வைக்கும் நாம், "பழைய கார்தானே" என்று இதை விட்டுவிடுகிறோம். ஆனால் இன்றைய சந்தையில் அந்தப் பழைய கார் இலட்சக்கணக்கில் பெறுமதியானது. மதிப்பிடாமல் அதற்குள் பணத்தைக் கொட்டினால், பிறகு யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது. நாங்கள் காரை இருந்த நிலையிலேயே மதிப்பிட்டு, தங்கைமாரின் பங்கைக் காசாகக் கொடுத்தோம். அதன் பிறகுதான் கராஜுக்குப் பேசினோம். உரிமை மாற்றமும் முக்கியம். மரணித்தவரின் பெயரிலேயே வருடக்கணக்கில் ஓடும் வாகனம் விபத்தில் சிக்கினால், இழப்பீடு கோரும்போது தலையிடிதான் மிஞ்சும்.

இரண்டாவது கேள்வி காரின் உடம்பைப் பற்றியது. எஞ்சினைப் பற்றி அதிகம் பயப்படத் தேவையில்லை. காபரேட்டர் எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டும் பாஸ்மார் இன்னும் இருக்கிறார்கள். பஞ்சிகாவத்தையில் தேடினால் உதிரிப்பாகங்களும் கிடைக்கும். துருதான் உண்மையான எதிரி. பேருவளை, காத்தான்குடி, கல்முனை, புத்தளம் என்று எமது ஊர்கள் பல கடலோரத்தில் இருக்கின்றன. உப்புக் காற்று இரும்பைச் சத்தமில்லாமல் தின்றுவிடும். பெயின்டின் மினுக்கத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. காரைத் தூக்கி, கீழ்த்தட்டையும் சேசியையும் சஸ்பென்ஷன் பூட்டப்பட்டுள்ள இடங்களையும் ஸ்க்ரூ ட்ரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். எங்கள் காரில் கீழ்த்தட்டு இரண்டு இடங்களில் ஓட்டை. சேசி உறுதியாக இருந்தது. சேசியும் போயிருந்தால், உம்மாவின் கண்ணீரையும் மீறி விற்கச் சொல்லியிருப்பேன்.

மூன்றாவது கேள்வி பணம். திருத்தச் செலவைக் காரின் விலையோடு மட்டும் ஒப்பிடுவது போதாது. காரை விற்று வரும் பணத்துக்குமேல் இன்னொன்றை வாங்க எவ்வளவு வேண்டும், அந்த மிச்சத்துக்கு மாதத் தவணை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். உதாரணமாக, திருத்தச் செலவு 6 இலட்சம், தவணை மாதம் 1 இலட்சம் என்றால், ஆறு மாதத் தவணையில் பழைய கார் எழுந்து நிற்கும். வட்டியைத் தவிர்க்க இஜாரா, முராபஹா வசதிகளை நாடுவோர் உண்டு. நல்லது. ஆனாலும் தவணை தவணைதான். அடுத்த வீட்டுக்காரர் புதியது எடுத்தார் என்பதற்காகக் கழுத்தில் போட்டுக்கொள்ளும் சுருக்காக அது மாறக்கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு விடயத்தை மறைக்கக் கூடாது. எயார்பேக்கோ ஏபிஎஸ் பிரேக்கோ இல்லாத காலத்துக் கார் அது. எவ்வளவு செலவழித்தாலும் அவை வந்துவிடாது. எங்கள் தீர்மானம் இதுதான்: திருத்திய கார் ஊருக்குள் உம்மாவின் தேவைகளுக்கு ஓடும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவைப் பள்ளத்தில் இறங்காது. அன்றாடம் நெடுந்தூரம் ஓட வேண்டிய குடும்பங்களுக்கு, பாசத்தை ஒரு புகைப்படத்தில் வைத்துக்கொண்டு காரை மாற்றுவதே நல்லது.

அரசுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. தனியார் காருக்கு வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது புகைப் பரிசோதனை அறிக்கையும் காப்புறுதியும் கேட்கிறார்கள். பிரேக் பிடிக்கிறதா, சேசி உக்கிவிட்டதா என்று யாரும் பார்ப்பதில்லை. புதிய காரை வரியால் எட்டாத உயரத்தில் வைத்துள்ள அரசு, பழையதைப் பாதுகாப்பாக ஓட்டவாவது வழிசெய்ய வேண்டும். டயர், பிரேக், ஸ்டியரிங் பாகங்களுக்கான இறக்குமதி வரியைக் குறைத்து, பழைய கார்களுக்கு எளிய பாதுகாப்புப் பரிசோதனையொன்றை வருடாந்தம் கொண்டுவரலாம். எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் வரவு செலவுத் திட்ட விவாதத்தில் கேட்க வேண்டியவற்றில் இதுவும் ஒன்று.