பலகைகள் பேசுவது யாருடைய மனதை?

தெருவோரப் பெயர்ப்பலகையைப் படமெடுப்பது வெட்டிவேலை என்பவர்கள் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸின் படங்களைப் பார்க்க வேண்டும். பெருமந்தக் கால அமெரிக்காவின் வறுமையைப் பதிவுசெய்தவர் என்றே அவரை அறிகிறோம். ஆனால் அவர் கண் திரும்பத் திரும்பப் போய் நின்றது எழுத்துகளிடம். 1936இல் சவானா நகரில் எடுத்த படம் ஒன்றில் ஒரு புகைப்பட ஸ்டூடியோவின் கண்ணாடிச் சன்னல். வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன முகங்கள், அவற்றின் மீது 'ஸ்டூடியோ' என்ற பெரிய எழுத்துகள். கடைக்காரருக்கு அது விளம்பரம். எவன்ஸின் சட்டகத்துக்குள் வந்ததும் அது ஓர் ஊரின் கூட்டு உருவப்படமாகிவிடுகிறது. சன்னலை அலங்கரித்தவர் நினைத்திராத பொருள் இது. ஷட்டரை அழுத்திய நொடியில் எவன்ஸுக்கே முழுவதும் தெரிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அறிவு தேர்ந்தெடுப்பதற்கு முன்பே ஆழ்மனம் தேர்ந்தெடுத்துவிடுகிறது. எழுபதை நெருங்கிய வயதில், 1973இல், போலராய்டு எஸ்.எக்ஸ்-70 கேமரா அவர் கைக்கு வந்தது. 2,500க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். பலவற்றில் முழுப் பலகைகூட இல்லை; ஒற்றை எழுத்து, சாலையில் தீட்டிய ஓர் அம்புக்குறி, அவ்வளவே. வாழ்வின் கடைசியில் ஒரு கலைஞன் திசைகாட்டும் அம்புகளைத் தேடிப் போனதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியாது. நம் ஊர்களில் தூரிகையால் எழுதிய பலகைகளை ஃபிளெக்ஸ் ஏறக்குறைய அழித்துவிட்டது. மிஞ்சியிருப்பவற்றில் கண்ணை இழுக்கும் பலகைகளைக் காரணம் கேட்காமல் படமெடுங்கள். சில மாதங்கள் கழித்து அந்தப் படங்களை அடுக்கிப் பாருங்கள், உங்களை எது அலைக்கழிக்கிறது என்பது தெரியும்.