எள்ளுருண்டை எங்கே போச்சு?

சகோதரிகளே, எங்கள் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பக்கத்து வீட்டுப் பெண் அந்த மிட்டாயும் எள்ளுருண்டையும் வாங்கி வெளியூர்களுக்கு அனுப்புகிறாள். அவள் பையன் அதற்கொரு இணையதளம் போட்டுக் கொடுத்திருக்கிறான். அதில் 'ஆர்டர் கொடுக்க' என்பதைத் தொட்டால் மின்னஞ்சல் திறக்கும். விலாசம், விஷயம், கடிதம் எல்லாம் முன்பே எழுதியிருக்கும். எடையையும் ஊரையும் நிரப்பி அனுப்ப வேண்டியதுதான். அச்சடித்த ஆர்டர் கார்டு மாதிரி!

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஓடி வந்தாள்.

"யக்கா, 40 ஆர்டர் வந்திருக்கு. ஒண்ணுலகூட எள்ளுருண்டையக் காணோம். அம்புட்டும் வீட்டுல கெடக்குக்கா!"

நானே இணைப்பைத் தொட்டுப் பார்த்தேன். கடிதம் 'கடலை மிட்டாய்' என்பதோடு நின்றுவிட்டது. பையன் எழுதியிருந்ததோ 'கடலை மிட்டாய் & எள்ளுருண்டை'. நடுவில் இருக்கும் அந்தக் குறிதான் வில்லன்! இணைப்புக்குள் அதற்கு, 'இந்த விவரம் முடிந்தது, அடுத்தது ஆரம்பம்' என்று அர்த்தம். அதனால் எள்ளுருண்டை கடிதத்துக்குள் வரவே இல்லை. அந்த இடத்தில் %26 என்று போட வேண்டும். இடைவெளிக்கு %20. எதற்கு வம்பு? 'கடலை மிட்டாயும் எள்ளுருண்டையும்' என்று நல்ல தமிழில் எழுதிவிட்டால் அந்தக் குறியே வேண்டாமே!

இன்னொரு கோளாறும் இருந்தது. அவன் போட்டிருந்தது 'மெயில்டூ' இணைப்பு. கைபேசியில் நன்றாகத் திறக்கும். கம்ப்யூட்டரில், மின்னஞ்சலுக்கென்று எதையும் அமைத்து வைக்காதவர்களுக்கு ஒன்றுமே திறக்காமல் போகலாம். ஆகவே ஜிமெயிலின் கடிதம் எழுதும் பக்கத்துக்கே நேராகப் போகும் இணைப்பு ஒன்றைப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். அங்கே ஒரு சூட்சுமம். மெயில்டூவில் விஷயத்துக்கு 'சப்ஜெக்ட்' என்று முழுச் சொல், ஜிமெயிலுக்கு 'எஸ்.யு.' என்ற இரண்டே எழுத்து. மாற்றிப் போட்டால் விஷயம் காலியாக இருக்கும்.

கடிதம் சின்னதாக இருக்கட்டும். நம் 'க' இணைப்புக்குள் 9 குறிகளாக நீளும், 'கி' என்றால் 18! பாங்க் கணக்கு விவரமெல்லாம் அதில் கேட்கவே கேட்காதீர்கள்.

அந்த 40 பேருக்கும் அவளே பதில் எழுதிக் கேட்டாள். 23 பேர் எள்ளுருண்டையும் அனுப்பச் சொன்னார்கள். மிச்சத்தில் ஒரு டப்பா என் வீட்டுக்கு வந்தது.