உற்றவனையும் கேளுங்கள்

சென்ற மாதம் ஒருநாள், முன்னர் என்னிடம் இலக்கணம் பயின்ற மாணவர் ஒருவர் வினாப்பத்திரம் ஒன்றோடு வந்தார். சிறுநீரக நோய் பற்றிய ஆய்வுக்காகக் கமக்காரரிடம் கேட்பதற்கென வகுக்கப்பட்டது அது. தமிழைத் திருத்தித் தருமாறு வேண்டினார். யானும் சிவப்பு மையெடுத்துச் சந்திப் பிழைகளைக் களைந்தேன். ‘நாளொன்றுக்கு எத்தனை லீற்றர் நீர் பருகுகிறீர்?’ என்பது வினாக்களுள் ஒன்று. இலக்கண வழுவற்ற வாக்கியந்தான்.

அவ்வேளை மூதூர்ப் பக்கத்துக் கமக்காரர் ஒருவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். அந்நோய்க்காகவே நகருக்கு வந்து போகின்றவர். அவருக்கு அதனை வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்தார்.

“பண்டிதர் ஐயா, நாங்கள் செம்பிலே குடிக்கிற ஆக்கள். லீற்றரை ஆர் கண்டது? இப்ப குடிக்கிற தண்ணியைக் கேட்டு என்ன பலன்? இருபது வருசத்துக்கு முந்தி எந்தக் கிணத்திலே குடிச்சனாங்கள் எண்டல்லோ கேக்கவேணும்!”

என் சிவப்பு மை நாணிற்று.

அவர் கூற்றை வெறுந் திண்ணைப் பேச்சென்று தள்ளுதற்கில்லை. நீரிழிவு முதலிய வழக்கமான காரணங்கள் இன்றியே சிறுநீரகம் பழுதுறும் நோயொன்று, 1990களில் வடமத்திய மாகாணக் கமக்காரரிடையே வெளிப்பட்டது. எமது மாவட்டத்துப் பதவி சிறிபுரவும் அதற்குத் தப்பவில்லை. கடுநீர், புளோரைட்டு, கட்மியம், களைகொல்லி, வெயிற்கடுமை எனக் காரணங்கள் பல கூறப்பட்டன. ஐயமற்ற முடிவு இன்னும் பிறக்கவில்லை. பதவி சிறிபுரவில் நிகழ்ந்து 2015 இல் வெளியான ஆய்வொன்று, பின்னர் கைவிடப்பட்ட கிணறுகளில் முன்பு நீர் பருகியோரிடத்து இந்நோய் மிகுந்திருத்தலைக் கண்டது. ஓர் ஆய்வு காரணத்தை நிறுவிவிடாது என்பது உண்மையே. ஆயினும் எக்கிணறு, எப்பொழுது, ஏன் கைவிடப்பட்டது என்பதை எந்த ஆய்வுகூடம் அறியும்? அவ்வறிவு ஊரவர் நினைவிலன்றோ உறைகின்றது!

‘கல்லாத கமக்காரனுக்கு விஞ்ஞானம் தெரியுமோ?’ என்பார் உளர். உருப்பெருக்கியை அவன் கையிற் கொடுக்குமாறு யாம் கேட்கவில்லை. எதனை ஆராய்வது, எவ்வாறு வினவுவது என்று முடிவுசெய்யும் அவையில் அவனுக்கும் ஓர் இருக்கை வேண்டும் என்கின்றோம். குருதியும் சிறுநீரும் கொடுத்தவனுக்கு, கண்ட முடிவை அவன் மொழியிலே, தமிழாயினும் சிங்களமாயினும், திரும்பச் சென்று உரைத்தல் வேண்டும் என்கின்றோம்.

இஃது எம் கற்பனையன்று. மக்கள் தம் சுகாதாரப் பணியைத் திட்டமிடுவதிற் பங்குகொள்ளுதல் அவர்தம் உரிமையும் கடமையுமாம் என 1978 இல் அல்மா ஆட்டாப் பிரகடனம் சாற்றியது. உலக மருத்துவச் சங்கம் 1964 இல் வகுத்த ஹெல்சிங்கிப் பிரகடனம் 2024 இல் திருத்தப்பட்டபோது, ஆய்வுக்கு முன்னும் இடையிலும் பின்னும் பங்குபற்றுவோரோடும் அவர்தம் சமூகத்தோடும் கலந்து நடத்தலை வற்புறுத்திற்று. வள்ளுவரோ மருந்தின் நான்கு கூறுகளை எண்ணுமிடத்து, தீர்ப்பவனுக்கும் முன்னதாக நோயுற்றவனையே வைத்தார். அதனை மாணவர்க்கு ஆண்டுதோறும் கற்பித்த யானே, கையில் வினாப்பத்திரம் வந்தபோது உற்றவனை மறந்து ஒற்றெழுத்தைத் தேடினேன்!

பத்திரத்தை மாணவரிடம் திருப்பிக் கொடுத்தேன். “தம்பி, சந்தியைப் பிறகு பார்ப்போம். முதலில் திண்ணையில் இருப்பவரிடம் கொண்டுபோய்க் காட்டும்” என்றேன்.

ஆய்வாளர்க்கும் அரசினர்க்கும் யாம் கூறுவதும் அதுவே.